வயலின் காதில் ஒரு மாதிரி, ரெக்கார்டிங்கில் வேறு மாதிரி. புது மைக் வாங்கினால் சரியாகுமா?

இரவுவயலின் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான்கு வருடமாக வயலின் கற்கிறேன். சின்ன வயதில் வாய்ப்பு அமையவில்லை, 38 வயதில்தான் முதல் பாடம். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் இன்னும் கொஞ்சம் கூட. மேடை ஏறும் எண்ணமெல்லாம் இல்லை, வாசிக்கப் பிடிக்கிறது, வாசிக்கிறேன். போன மாதம் அக்கா பேசும்போது "நாலு வருஷமா கத்துக்கிறே, ஒரு தடவையாவது எனக்கு வாசிச்சு அனுப்ப மாட்டியா" என்று கேட்டுவிட்டாள். அன்று இரவே உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். கேட்டதும் மனசு விட்டுப்போயிற்று.

வாசிக்கும்போது எனக்கு ஓரளவு நிறைவாகத்தான் கேட்கிறது. பதிவில் அந்தக் கனமே இல்லை. தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல ஒரு கரகரப்பு, அதற்குப் பின்னால் குளியலறையில் வாசித்தது மாதிரி ஒரு எதிரொலி. இதைவிடப் புரியாத விஷயம், நீளமாக இழுக்கும் சுரங்கள் பாதியில் மங்கிப்போகின்றன. ஒரே அழுத்தத்தில்தான் வில்லை இழுக்கிறேன், ஆனால் பதிவில் இரண்டு மூன்று நொடியில் தேய்ந்து, வில்லைத் திருப்பியதும் திடீரென்று எழும்புகிறது. என் வில் கை அவ்வளவு மோசமா என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

போனை நோட்டு வைக்கும் ஸ்டாண்டிலேயே வைத்தேன், வயலினிலிருந்து ஒரு அடி இருக்கும். அறை சிறியது, டைல்ஸ் தரை, சுவரில் ஒன்றும் இல்லை, ஒரு கட்டில், ஒரு மேஜை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வாசித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவு பொத்தானைத் தொட்டதும் விரல் இறுகிவிடுகிறது. நூறு தடவை தவறில்லாமல் வாசித்த இடத்தில் தடுமாறுகிறேன். பதினேழு முறை முயன்றேன், ஒன்றுகூட முழுதாக வரவில்லை. நல்ல மைக் ஒன்று வாங்கினால் ஒலியாவது சரியாகுமா? எதை வாங்குவது? அல்லது என் வாசிப்பே இவ்வளவுதானா? நேரடியாகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

தந்தித்தடம் எழுதியது:

முதலில் வில் கையைச் சந்தேகப்படுவதை நிறுத்துங்கள். அந்த மங்கல் பெரும்பாலும் உங்கள் போன் செய்த வேலை. போனில் இருக்கும் மைக் பேச்சுக்காக வடிவமைத்தது. பேச்சு என்றால் விட்டு விட்டு வரும், ஏறி இறங்கும். மாறாமல் ஒரே மாதிரி வரும் ஓசையை விசிறி இரைச்சல், மோட்டார் இரைச்சல் என்று கணக்குப் போட்டு அமுக்குவதுதான் அதிலுள்ள இரைச்சல் நீக்கியின் வேலை. நீங்கள் நன்றாக, நடுக்கமில்லாமல் இழுத்த சுரம் அதற்கு மோட்டார் மாதிரித் தெரிகிறது. வில் திரும்பும் இடத்தில் ஓசை மாறுவதால் மறுபடி திறந்துவிடுகிறது. இது போதாதென்று ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஏற்பாடு வேறு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வேறொரு கருவியில் சுருதிப்பெட்டி ஆப்பை ஓடவிட்டு, அதன் முன்னால் போனை வைத்து அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். சுருதி ஏறாது, இறங்காது. பதிவின் அலைவடிவம் போகப் போக ஒடுங்கினால் குற்றவாளி போன்தான். ரெக்கார்டர் ஆப்பின் அமைப்புகளில் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு என்று ஏதாவது இருந்தால் இரண்டையும் அணையுங்கள். அந்த ஆப்பில் இல்லை என்றால் பதப்படுத்தாத ஒலியை எடுக்க விடும் வேறு ஆப்பைத் தேடுங்கள், இருக்கின்றன. கோப்பையும் வேவ் வடிவத்தில் சேமியுங்கள், சுருக்கிய வடிவம் வேண்டாம்.

அடுத்தது கரகரப்பு. இதில் ஒரு விஷயத்தை எனக்குச் சொல்ல ஆளில்லாமல் பல வருடம் வீணாக்கினேன். வாசிப்பவர் கேட்கும் வயலின் வேறு, அறையில் இருப்பவர் கேட்கும் வயலின் வேறு. தாடை வயலினைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதிர்வு எலும்பு வழியாகவே காதுக்குப் போகிறது. நீங்கள் சொல்லும் "கனம்" அதில் ஒரு பங்கு. அது எந்த மைக்கிலும் விழாது. அதே சமயம் வில்லின் முடி தந்தியைப் பற்றி இழுக்கும் உராய்வுச் சத்தம், வில் முடியில் தேய்க்கும் ரோசின் என்ற பிசினின் சத்தம், விரல் தந்தியில் விழும் டக் டக், இதெல்லாம் ஓர் அடி தூரத்தில் பளிச்சென்று கேட்கும், தள்ளிப் போனால் கரைந்துவிடும். நீங்கள் போனை வைத்தது அந்த ஓர் அடியில். அதில் கரகரப்பு விழாமல் வேறென்ன விழும்?

வயலினின் மேல்பலகைக்கு எதிரேதான் கூர்மையான ஓசைகள் அதிகம் பாய்கின்றன, அதாவது நீங்கள் பிடிக்கும் வாக்கில் பார்த்தால் மேல்நோக்கி. அதனால் போனை ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி, உங்கள் தலைக்குச் சற்று மேலே, அலமாரி மீதோ உயரமான ஸ்டாண்டிலோ வைத்து வயலினைப் பார்க்கும்படி சாயுங்கள். ஒரே பத்தியை முப்பது சென்டிமீட்டரில் ஒரு தடவை, ஒரு மீட்டரில் ஒரு தடவை, இரண்டு மீட்டரில் ஒரு தடவை வாசியுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தூரத்தை வாயால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் எது எது என்று தெரியாது. இந்த மூன்றையும் கேட்காமல் மைக் வாங்கப் போக வேண்டாம்.

ஆனால் தள்ளிப் போனால் எதிரொலி கூடும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும், அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அவ்வளவு குறையாது. அதனால் நேரடி ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போகும். எனவே அறையைத்தான் முதலில் அடக்க வேண்டும். நடு அறையில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். "டர்ர்" என்று உலோகச் சத்தம் தொடர்ந்தால் எதிரெதிர் வெறுஞ்சுவர்கள் பந்து விளையாடுகின்றன என்று அர்த்தம். கனமான போர்வை அல்லது ரஜாயைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டுத் தொங்கவிடுங்கள், ஒட்டி மாட்டுவதைவிட இது நன்றாக உறிஞ்சும். தரையில் கம்பளம். கட்டிலை வெளியே எடுக்காதீர்கள், மெத்தைதான் அந்த அறையில் உங்களுக்கு உதவுகிற ஒரே பொருள். அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் நிற்க வேண்டாம். முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஒலியை அடக்காது.

ஒரு நல்ல செய்தி: வயலினின் அடித் தந்தி மேற்கத்திய சுருதியில் 196 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ். சிறிய அறைகளில் பெரிய தலைவலி தரும் அந்த உருமும் அடி ஓசைப் பிரச்சினை உங்களுக்குப் பெரும்பாலும் வராது. போர்வையும் கம்பளமுமே பாதி வேலையை முடித்துவிடும்.

குழலோசை எழுதியது:

மேலே சொன்னது அப்படியே புல்லாங்குழலுக்கும் பொருந்தும். என் போனில் நீண்ட கார்வை எல்லாம் காணாமல் போய், மூச்சு எடுக்கும் சத்தம் மட்டும் தெளிவாகப் பதிவாகும்! இரைச்சல் நீக்கியை அணைத்த அன்றுதான் விடிவு வந்தது. குழலில் ஊதும் துளைக்கு நேர் எதிரே வைத்தால் வெறும் காற்றுதான் விழும், ஆகவே நெற்றி உயரத்தில், ஓரடிக்கு மேல் தள்ளி, விரல் துளைகளின் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கிறேன். ஊதும் இடத்தில் மட்டுமல்ல, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் ஒலி வருகிறது, இரண்டும் கலக்கும் இடத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு காதை மூடிக்கொண்டு இன்னொரு காதோடு வாசிப்பவரைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லி வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். அவருக்கு எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே மைக்.

மின்விசிறி நிறுத்தினீர்கள், சரி. ஃப்ரிட்ஜ்? பக்கத்து அறையில் ஓடினாலும் அமைதியான இடங்களில் தெரியும். நான் அதை அணைத்துவிட்டு வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். வெளியே கிளம்பும்போது சாவி தேடினால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும்.

நாற்பத்தெட்டு எழுதியது:

தந்தித்தடம் சொன்னதில் எனக்கு ஓர் இடத்தில் மாற்றுக் கருத்து. அறையைச் சரிசெய்யட்டும், நல்லது. ஆனால் நான்கு வருடம் விடாமல் வாசிக்கிற ஒருவர் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். போன் மைக் என்னதான் செய்தாலும் அதன் சொந்த இரைச்சல் மெதுவான இடங்களில் மேலே வந்துவிடும். வயலினின் மெல்லிய இடங்கள்தான் அழகே.

வாங்குவதென்றால் இரண்டு பொருள்: ஒரு சிறிய கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் வகை), ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் தேவை, இன்டர்ஃபேஸில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்த மறந்துவிட்டு மைக் பழுதென்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். மேடையில் எல்லாரும் பயன்படுத்தும் ஷூர் எஸ்எம்57 மாதிரியான டைனமிக் மைக் உறுதியானது, 1965லிருந்து வருகிறது, ஆனால் ஒரு மீட்டர் தூரத்து வயலினுக்கு அது தோதானதல்ல. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏகமாகத் திருக வேண்டிவரும், கூடவே இரைச்சலும் ஏறும். கிட்டார் ஆம்ப் முன்னால் வைக்க அதைவிட நல்லது கிடையாது, அது வேறு கதை.

பதிவை 24 பிட்டில் வையுங்கள், பிட் என்பது ஒலியளவை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்ற கணக்கு. பதியக்கூடிய மிக உரத்த ஒலிக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் நடுவே 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் இடைவெளி, 24 பிட்டில் கணக்குப்படி 144. அதாவது பயந்து பயந்து ஒலியளவை மேலே தள்ள வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் வாசிக்கும் மிக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். டிஜிட்டலில் பூஜ்யம்தான் கூரை, அதில் முட்டிய ஒலியைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற மாதிரி எண்ணிக்கை 44,100 அல்லது 48,000, இரண்டில் எது என்று கவலைப்பட வேண்டாம், 96,000 உங்களுக்குத் தேவையில்லை. மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினி என்றால் கராஜ்பேண்ட் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள், "ம்ம்ம்" என்று அடியில் ஓடும் இரைச்சல் பல சமயம் அங்கிருந்துதான் வருகிறது.

தந்தித்தடம் எழுதியது:

நாற்பத்தெட்டு, மைக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. வரிசையைத்தான் சொல்கிறேன். கண்டென்சர் மைக் அறையை இன்னும் துல்லியமாகக் காட்டும். இப்போது இருக்கும் குளியலறை எதிரொலி, அப்போது மிகத் தெளிவான குளியலறை எதிரொலியாக வந்து சேரும். நான் அந்தத் தவறைச் செய்து, மைக்கை மாற்றி, இன்னொன்று வாங்கி, மூன்றாவதும் வாங்கிய பிறகுதான் போர்வை தொங்கவிட்டேன். இவர் முதலில் போர்வை தொங்கவிடட்டும். ஒரு வாரம். அப்புறம் நீங்கள் சொன்னதையே வாங்கட்டும்.

பழையகேசட் எழுதியது:

மைக், அறை எல்லாம் தம்பிகள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினேழு முறைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே அம்மா, அதற்கு நான் வருகிறேன்.

நான் கிட்டார் பழகிய காலத்தில் வீட்டில் இரண்டு கேசட் ரெக்கார்டர்கள் இருந்தன. ஒன்றில் தாளக்கட்டை வாசித்துப் பதிவு செய்துகொள்வேன். அதை ஓடவிட்டு, அதன்மேல் பாட்டை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிவு செய்வேன். மூன்றாவது அடுக்குக்குப் போகும்போது முதலில் வாசித்தது "ஸ்ஸ்" என்ற இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது, ஒன்றில் எடுத்ததை மற்றதில் போட்டால் சுருதி இறங்கி நிற்கும், கிட்டாரை அதற்கேற்ப மறுபடி கூட்ட வேண்டும். ஒரே கேசட்டில் நான்கு தடம் தனித்தனியாகப் பதியும் போர்ட்டாஸ்டுடியோவை 1979லேயே டாஸ்காம் கொண்டுவந்துவிட்டது. எனக்கு அது படத்தில் பார்த்த பொருள்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓர் இடத்தில் தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். உங்களுக்கு வந்த அதே இறுக்கம் எனக்கும் வந்தது. ஒரு நாள் கேசட்டை அணைக்க மறந்து, பதிவு ஓடுவது தெரியாமல் அரை மணி நேரம் வாசித்துவிட்டேன். பிறகு கேட்டால், நான் எத்தனையோ மாலைகளாகப் பிடிக்க முயன்றது அதில் இருந்தது. ஒரு இடத்தில் தவறு உண்டு, நாற்காலி கிறீச்சிடும் சத்தம் உண்டு, ஆனாலும் அதில் நான் இருந்தேன்.

ஆகவே நீங்கள் பயிற்சியின் முதல் நிமிடத்தில் பொத்தானைத் தட்டிவிட்டு ஒரு மணி நேரமும் ஓடவிடுங்கள். சாதகம், சுருதி கூட்டுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் பதிவாகட்டும். தினமும் இப்படியே. இப்போது கேசட் தீர்ந்துபோகும் பயம் இல்லை. நான்காம் ஐந்தாம் நாளில் அது ஓடுவதே மறந்துவிடும். அக்காவுக்கு அனுப்ப வேண்டிய பாட்டை நடுவில் எப்போதாவது, நன்றாக வருகிறது என்று தோன்றும்போது வாசியுங்கள், "இப்போது" என்று மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள வேண்டாம். நல்லதாக ஒன்று அமைந்தால் வில்லால் ஸ்டாண்டை இரண்டு தட்டு தட்டுங்கள். பிறகு தேடும்போது அலைவடிவத்தில் அந்த இரண்டு கோடு தனியாகத் தெரியும்.

இரவுவயலின் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

சுருதிப்பெட்டி சோதனையை அன்றிரவே செய்தேன். அலைவடிவம் ஐந்து நொடியில் மெழுகுவர்த்தி மாதிரி ஒடுங்கியது. அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது, இரண்டு நாளாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று. இப்போது வேறு ஆப், வேவ் கோப்பு.

ரஜாய் ஒன்றை எனக்குப் பின்னால் துணி உலர்த்தும் ஸ்டாண்டில் போட்டு, சுவரிலிருந்து தள்ளி நிறுத்தியிருக்கிறேன். கைதட்டினால் அந்த "டர்ர்" இல்லை, வெறும் தட்டல்தான். தூரச் சோதனையில் முப்பது சென்டிமீட்டர் பதிவையும் ஒன்றேகால் மீட்டர் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வயலின் என்று நம்பவே முடியவில்லை. போனை அலமாரி விளிம்பில் வைத்து, கீழே ஒரு மடித்த துணி வைத்திருக்கிறேன், நான் காலால் தாளம் போடுவது மரம் வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

ஓடவிட்டுப் பழகச் சொன்ன ஐயாவுக்குத் தனியாக நன்றி. ஆறாம் நாள் நான் அதை மறந்தேன். அன்றைய பதிவில் 41ஆவது நிமிடத்தில் இரண்டு தட்டு இருக்கிறது. முடியும் இடத்தில் ஒரு சுரம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, ஆனாலும் அதைத்தான் அக்காவுக்கு அனுப்பப் போகிறேன்.

இப்போது ஆசை வளர்ந்துவிட்டது. அதே பாட்டுக்கு இரண்டாவது வயலின் ஒன்று நானே வாசித்துச் சேர்த்துப் பார்த்தேன். லேப்டாப்பில் முதல் பதிவை புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசித்தேன், வாசிக்கும்போது பொருந்துகிறது, பிறகு சேர்த்துக் கேட்டால் இரண்டாவது வயலின் எப்போதும் பின்தங்கி நிற்கிறது. தாளம் எனக்கு நிற்கவில்லையா?

நாற்பத்தெட்டு எழுதியது:

தாளம் நிற்கிறது, புளூடூத் நிற்கவில்லை. கம்பியில்லா ஹெட்போனில் ஒலி வந்து சேர 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 500 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கே 125தான். தாமதமாக வருவதைக் கேட்டு நீங்கள் சரியாக வாசித்தால் பதிவு தாமதமாகத்தான் விழும். கம்பி உள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்போன் போடுங்கள். இடது காதில் வயலின் கேட்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தைக் கழற்றி வைத்தால், மென்பொருளில் ஒலி முழுவதையும் வலது பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கழற்றிய பக்கத்திலிருந்து கசிந்து மைக்கில் விழும்.

கம்பி போட்ட பிறகும் கணினிக்குள் கொஞ்சம் தாமதம் மிஞ்சும். அதை அளந்துவிடலாம். டிக் டிக் என்ற தாளத் தடம் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்து அதையே பதிவு செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் முதல் டிக்குக்கும் பதிவான டிக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். ஆடாசிட்டி அமைப்புகளில் தாமத ஈடு என்று ஒரு எண் இருக்கிறது, அங்கே அதைச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். அதே ஏற்பாட்டில் பதிவு செய்யும் வரை திரும்ப அளக்க வேண்டியதில்லை.

பழையகேசட் எழுதியது:

அந்தத் தாழ்ந்த சுரத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள் அம்மா. இரண்டாவது வயலின் சேர்ந்ததும் இங்கே எங்களுக்கும் போடுங்கள்.

இரவுவயலின் எழுதியது:

இன்று காலை அனுப்பிவிட்டேன் ஐயா. அக்கா திரும்பக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "கடைசியில ரெண்டு தட்டு கேக்குதே, அது என்ன" என்று கேட்டாள். வெட்ட மறந்திருக்கிறேன்.